கண்ணாடிக்குள் ஓடும் நீர்

ஒருகொடவத்தைச் சந்தியை அறியாத கொழும்புவாசிகள் மிகச் சிலரே. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்க, அவிசாவளை செல்லும் பஸ் வண்டிகள் ஊதுகுழலை ஓயாது ஒலிக்க, கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் வருவோர் வீதியைக் கடக்க வழியின்றித் தத்தளிக்கும் இடம் அது. அங்கிருந்து சிறிது தொலைவிலேயே களனி கங்கை, ஆரவாரம் ஏதுமின்றிக் கடலை நோக்கிச் செல்கின்றது. வீதியிலே ஓட்டம் தடைப்படுகின்றது. ஆற்றிலே ஓட்டம் நடைபெறுகின்றது. ஓட்டத்தைப் பற்றிக் கற்பிப்போருக்கு இதனினும் பொருத்தமான அயல் வேறொன்று கிடைத்தல் அரிது.

அவ்வயலிலே, கல்லூரி மாணவர்க்குப் பாயி விசையியல் என்னும் பாடத்தை நாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். பாயி என்றதும் படுக்கும் பாயை எண்ணி நேயர்கள் நகைத்தல் வேண்டா. நீர், எண்ணெய், காற்று முதலிய பாயும் இயல்புடைய பொருள்கள் யாவற்றுக்கும் நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் இட்ட பெயர் அது. தமிழகத்தார் அதனைப் பாய்மம் என்பர். குழாயில் நீர் வருவதும், விமானம் மேலெழுவதும், நெஞ்சிலிருந்து குருதி புறப்பட்டு உடலெங்கும் ஓடுவதும் இவ்வொரு கலையின் ஆட்சிக்கு உட்பட்டனவே.

முன்னாளிலே இக்கலையைப் பயில்வதற்கு ஆய்வுகூடம் வேண்டும். தொட்டியும் பம்பியும் கண்ணாடிக் குழாயும் வேண்டும். இன்றோ இவை யாவும் மாணவனுடைய சட்டைப் பையினுள்ளே, கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள்ளே, இணையத்தின் வழியாக வந்து சேர்ந்துவிட்டன. நீரைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போலச்செய்கையாற் பயன் உண்டா, இல்லையா என்று பெற்றோர் சிலரும் ஆசிரிய நண்பர் சிலரும் நம்மைக் கேட்டதுண்டு. இவற்றைப் புகழ்வதும் இகழ்வதும் நமது நோக்கமன்று. இவற்றால் நாம் அடைந்த ஒரு வெட்கத்தையும், பின்னர் அடைந்த ஒரு தெளிவையும் உள்ளபடி கூறின், விடையை நேயர்களே கண்டுகொள்வர்.

நீரின் ஓட்டம் கண்ணுக்கு எளியது, கணக்குக்குக் கொடியது. பிரான்சு நாட்டு நேவியர் என்பார் 1822ஆம் ஆண்டிலும், பின்னர் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1845ஆம் ஆண்டிலும் வகுத்த சமன்பாடுகளே இன்றுவரை இக்கலையின் அடித்தளம். அவற்றை எழுதிவிடலாம், முழுமையாகத் தீர்த்தல் இயலாது. அச்சமன்பாடுகளுக்கு எக்காலும் ஒழுங்கான தீர்வு உண்டு என்றோ, இல்லை என்றோ நிறுவுபவருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசளிப்பதாக 2000ஆம் ஆண்டிலே கிளே கணித நிறுவனம் அறிவித்தது. அப்பரிசை இதுவரை எவரும் பெற்றிலர்.

தீர்க்க இயலாததைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எண்களை நிரப்பிக் கூட்டியும் கழித்தும் விடையை அணுகலாம் என்னும் வழி பின்னர் பிறந்தது. இதனைப் பெருமளவிற் செய்து பார்த்த முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சார்ட்சன் என்பவர். முதலாம் உலகப் போரிலே பிரான்சு நாட்டில் நோயாளர் வண்டி ஓட்டிக்கொண்டே, 1910ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு நாளின் ஆறு மணி நேரக் காலநிலையைக் கையாற் கணித்தார். ஆறு மணி நேர நிகழ்ச்சியைக் கணிக்க அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன. கிடைத்த விடையோ முற்றும் பிழை. வளி அமுக்கம் அசையாது நின்ற நாளிலே, அது வானளாவ உயர்ந்ததாக அவரது கணக்குக் கூறிற்று. அவர் அதனை மறைத்தாரல்லர். 1922ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலிலே அப்பிழையையும் அச்சிட்டார். பெரிய மண்டபமொன்றில் 64,000 பேர் அமர்ந்து கணக்கிட்டாற் காலநிலையை அது நிகழும் வேகத்திலேயே கணிக்கலாம் என்றும் அந்நூலிலே கனவு கண்டார். அம்மண்டபத்தையே இன்று நம் பிள்ளைகள் பையில் வைத்துத் திரிகின்றனர்.

இவ்வித மென்பொருள்கள் நம் வகுப்புக்கு விரும்பி அழைக்கப்பட்டு வந்தவையல்ல. 2020 மார்ச்சு மாதத்திலே கொள்ளை நோய் காரணமாகப் பாடசாலைகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, ஆய்வுகூடத்தின் கதவும் மூடிற்று. மாணவர் வெல்லம்பிட்டியிலும் வத்தளையிலும் மட்டக்களப்பிலும் மலையகத் தோட்டங்களிலும் இருந்தனர். சைகை கிடைக்கும் இடம் தேடிப் பாறைமேல் ஏறியோரும் மரத்தின்மேல் ஏறியோரும் நம் நாட்டில் இருந்தனர் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் 2022ஆம் ஆண்டிலே, எரிபொருளும் இன்றி, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமும் இன்றி இருந்தோம். அக்காலங்களிலே வகுப்பை உயிரோடு வைத்திருந்தவை இந்த மென்பொருள்களே.

அவற்றுட் பெயர்பெற்றது பெட் என்னும் தொகுதி. பௌதிகத்துக்கான நோபல் பரிசை 2001ஆம் ஆண்டிற் பெற்ற கார்ல் வீமன் என்பவர், மறு ஆண்டிலே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திற் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியையும் இட்டுத் தொடங்கிய முயற்சி இது. ஆசிரியரும் ஆர்வலருமாகப் பலர் கூடி அதனை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்த்துள்ளனர். தமிழும் அவற்றுள் ஒன்று. இந்தியாவிலும் மத்திய கல்வி அமைச்சின் ஆதரவில் தொழினுட்பக் கழகங்கள் பல சேர்ந்து இணையவழி ஆய்வுகூடங்களை அமைத்திருக்கின்றன. எவரும் கட்டணமின்றிப் பயிலலாம். தேர்ந்த பொறியியலாளர் கையாளும் ஓப்பன்ஃபோம் என்னும் கருவியும் 2004ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கின்றது.

இனி நமது வெட்கத்துக்கு வருவோம்.

உயர்ந்த பாத்திரமொன்றிலே நீரை நிரப்பி, அதன் பக்கத்தில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்றாக மூன்று துளையிட்டால், மூன்று தாரைகள் பீறிடும். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும். ஆகவே அடித்துளையின் நீரே மிகத் தூரம் சென்று விழும். இவ்வாறே நமது ஆசிரியர் கரும்பலகையிற் படம் வரைந்தார். நாமும் அதனைப் பார்த்து வரைந்தோம், பரீட்சையில் எழுதினோம், புள்ளி பெற்றோம். பின்னர் நாமே ஆசிரியராகி, ஆண்டுதோறும் அதே படத்தை, அதே நீல வெண்கட்டியால், அதே அழகோடு வரைந்து வந்தோம். பாத்திரம் தரையில் நிற்கும். அடித்தாரை நீண்டு வளைந்து தூரத்தில் விழும். மேற்றாரை அருகிலே சொட்டும்.

ஒருநாள், வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாத பையன். துளையின் உயரத்தைத் தாமே மாற்றிப் பார்க்கக்கூடிய போலச்செய்கை ஒன்றைத் தனது தொலைபேசியிலே திறந்து வைத்திருந்தான்.

"சேர், இதிலே நடுத்துளைத் தண்ணீரல்லவா கூடத் தூரம் போகிறது?" என்றான்.

"உனது தொலைபேசியிலே ஏதோ கோளாறு. அமுக்கம் எங்கே கூட? அடியிலே தானே?" என்றோம்.

"அமுக்கம் அடியிலேதான் கூட, சேர். ஆனால் தண்ணீர் நடுவிலிருந்துதான் தூரம் போகிறது," என்று அவன் மீண்டும் பணிவாகவே கூறினான்.

வகுப்பு சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதை அப்போது நாம் ஆராயவில்லை. மணி அடித்தது. வீடு திரும்பினோம். உணவின் பின்னும் அச்சொல் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அடுக்களையிலிருந்து வெறும் பிளாத்திக்குப் போத்தல் ஒன்றை எடுத்தோம். ஆணியொன்றைச் சுடவைத்து, 24 சென்ரிமீற்றர் நீர் நிற்கும் போத்தலிலே, அடியிலிருந்து 6, 12, 18 சென்ரிமீற்றர் உயரங்களில் மூன்று துளையிட்டோம். குளியலறைத் தரையில் நிறுத்தி, நீர் மட்டம் குறையாதபடி மேலே ஊற்றிக்கொண்டே பார்த்தோம்.

நடுத்தாரையே தூரம் சென்றது. அடித்தாரையும் மேற்றாரையும் ஏறத்தாழ ஒரே இடத்திலே விழுந்தன.

பல ஆண்டுகளாக நாம் வரைந்த படம், ஒரு போத்தலுக்கும் ஓர் ஆணிக்கும் முன்னே நிற்க இயலாது போயிற்று. அதனினும் பெரிய வெட்கம் யாதெனின், கணக்கு நமக்குத் தெரியாததன்று. துளையிலிருந்து நீர் வெளிவரும் வேகம், அத்துளைக்கு மேல் நிற்கும் நீரின் ஆழத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலி நாட்டு ரொறிசெல்லி 1644ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார். அடித்துளையின் நீர் வேகமாக வருகின்றது. ஆயினும் தரையைத் தொட அதற்கு இருக்கும் நேரம் சொற்பம். மேற்றுளையின் நீருக்கு விழ நேரம் உண்டு, வேகம் இல்லை. நடுவே உள்ளதற்கு இரண்டும் அளவோடு உண்டு. துளைக்கு மேலுள்ள ஆழத்தையும் துளைக்குக் கீழுள்ள உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரட்டிப்பின் தாரை செல்லும் தூரம் கிடைக்கும். நமது போத்தலுக்கு நடுத்தாரை 24 சென்ரிமீற்றர். மற்றிரண்டும் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். பத்தாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய கணக்கு. நாம் அதனைச் செய்து பாராமைக்குக் காரணம், படம் முன்னரே நெஞ்சிற் பதிந்துவிட்டமையே.

மறுநாள் போத்தலையும் வாளியையும் வகுப்புக்குக் கொண்டு சென்று, எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டி, "நாம் கூறியது பிழை, அவர் கூறியது சரி" என்றோம். அம்மாணவன் தலை குனிந்து நின்றான். தான் வென்றதற்காக நாணிய ஒருவனை அன்றுதான் கண்டோம்.

ஆயின் கதை அவ்விடத்தில் முடியவில்லை. போத்தலைத் தரையிலிருந்து எடுத்து, ஒரு மீற்றர் உயரமான மேசைமேல் வைத்து, நீர் தரையில் விழுமாறு செய்தோம். இப்போது அடித்தாரையே மிகத் தூரம் சென்றது! கணக்கும் அதனையே கூறும்: அடித்துளைக்கு 87 சென்ரிமீற்றர், நடுத்துளைக்கு 73, மேற்றுளைக்கு 53. மேசை உயரத்திலிருந்து விழும்போது எல்லாத் தாரைகளுக்கும் நேரம் போதியதாகிவிடுகின்றது. அப்போது வேகமே வெல்கின்றது. ஆகவே பழைய படம் முற்றும் பொய்யன்று; உயரத்தில் நின்ற பாத்திரத்தை எவரோ ஒருவர் தரையில் இறக்கி வரைந்துவிட்டார். அவ்வளவே. இவ்விரண்டாவது நிலையை அம்மாணவனின் தொலைபேசி தானாகக் காட்டியிராது. கேட்டாற் காட்டும், கேட்க வேண்டியவர் மனிதர்.

போலச்செய்கையாற் பயனில்லை என்போருக்கு ஓர் ஆராய்ச்சியையும் கூறுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டிலே கொலராடோவில், ஒரு பகுதி மாணவருக்கு மெய்யான கம்பியும் மின்குமிழும் கொடுத்து மின்சுற்றைக் கற்பித்தனர். மற்றப் பகுதியினருக்குக் கணினித் திரையிலே கற்பித்தனர். பின்னர் இரு பகுதியினரையும் மெய்யான சுற்றொன்றை அமைக்கச் சொன்னபோது, திரையிற் கற்றவர்களே மேலாகச் செய்தனர். கம்பிக்குள்ளே ஓடும் மின்னைத் திரை அவர்களுக்குக் காட்டியிருந்தது. மெய்யான கம்பி காட்டவில்லை. பாயியிலும் இஃதே நன்மை. குழாயினுள்ளே அமுக்கம் எங்கே கூடுகின்றது, எங்கே குறைகின்றது என்பதை இரும்புக் குழாய் எவ்வளவு தட்டினும் சொல்லாது. குழாய் ஒடுங்கும் இடத்தில் நீர் விரைவதும், விரைந்த இடத்தில் அமுக்கம் தாழ்வதும் திரையிலே நிறமாகவும் எண்ணாகவும் தெரியும்போது, பேணூலியின் தேற்றம் மனனம் செய்யும் பொருளாக இராது, காணும் பொருளாகின்றது.

இனி மறுபக்கம். ஒருமுறை அவ்வகை மென்பொருள் ஒன்றிலே, குழாயில் ஓடும் பொருளை நீரிலிருந்து தேனாக மாற்றினோம். தேனும் நீரைப் போலவே துள்ளி ஓடிற்று. மாணவர் வியக்கவில்லை, எழுதிக்கொண்டனர்! தேன் இழுபட்டு மெல்லச் சொரிவதைச் சித்த மருந்தைக் குழைத்த எந்தப் பாட்டியும் அறிவாள். நடந்தது யாதெனின், அம்மென்பொருளிலே தேன் என்பது அடர்த்தி கூடிய ஒரு பொருள் மாத்திரமே. அதன் பிசுக்குமை அங்கே கணக்கிற் சேர்க்கப்படவில்லை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. சேர்த்ததைக் காட்டிற்று, சேராததைக் காட்டவில்லை. சேராதது எது என்று கேட்கும் பழக்கமே கல்வி.

இதற்கு மான்செஸ்டர் நகரத்துக் கதையொன்று அழகிய சான்று. 1883ஆம் ஆண்டிலே ஒஸ்போர்ன் ரேனோல்ட்ஸ் என்னும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரின் நடுவே நூல்போல ஒரு சாயக் கோட்டை விட்டார். நீர் மெல்லச் செல்லும்போது சாயம் நேர்கோடாகவே நின்றது. வேகம் ஓரளவைத் தாண்டியதும் கோடு நடுங்கிக் கலைந்து குழாயெங்கும் கலந்தது. ஒழுங்கான ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் அவ்வெல்லையைக் குறிக்கும் எண்ணே இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. சாதாரணக் குழாய்களில் அவ்வெண் 2,000ஐத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் கொந்தளிப்புத் தொடங்கும். இரண்டு சென்ரிமீற்றர் அகலமான குழாயில் நீர் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் ஓடின் எண் ஏறத்தாழ 1,200, ஓட்டம் அமைதி. செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் ஓடின் ஏறத்தாழ 12,000, ஓட்டம் கலவரம். ரேனோல்ட்சோ மிகுந்த கவனத்தோடு தொட்டியை அசையாது வைத்து, 13,000 வரையிலும் அமைதியைக் காத்தார். அவருடைய கருவி மான்செஸ்டரிலே இன்னும் உண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அதே கருவியிலே அப்பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது, 13,000ஐ எட்ட இயலவில்லை. கருவி பழுதடையவில்லை, வெளியே வீதியிலே மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்டன. அவற்றின் அதிர்வு தொட்டி நீரை நடுக்கிற்று.

நமது கல்லூரியிலும் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலைச் சாயமாகக் கொண்டு இதனைச் செய்தோம். ஊதாக் கோடு நேராக வந்தது. மாணவர் மூச்சடக்கிப் பார்த்தனர். வெளியே கொள்கலன் லொறியொன்று சென்றது. கோடு கலைந்தது. "ஐயோ!" என்றனர் எல்லாரும். அந்த "ஐயோ"வைத் திரை தராது. திரையின் குழாய்க்கு வெளியே வீதி இல்லை; ஒருகொடவத்தை இல்லை.

ஒருகொடவத்தை இல்லாத கணக்கினால் ஒருகொடவத்தையின் துன்பம் தீராது என்பதை நமக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. 2016 மே மாதத்திலே களனி பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகளினுள் வெள்ளம் புகுந்து பல நாள் நின்றது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின்போதும் அத்துன்பம் திரும்ப வந்தது. வகுப்புகள் மீண்டும் தொடங்கிய முதல் வாரம். அம்மாணவியின் நூல்களெல்லாம் நனைந்து ஊதி, மூடினால் மூடாத நிலையில் இருந்தன. நாம் திரையிலே குழாயோட்டம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

"சேர், கொழும்பிலே மழை விட்ட பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் ஏறினது. அதை இதிலே காட்ட முடியுமா?" என்று அவள் கேட்டாள்.

அவ்வினா நியாயமானது. களனிக்கு நீர் தருவது கொழும்பின் மழை மாத்திரமன்று. மலையகத்து மழையும் ஆகும். அங்கே பெய்த நீர் முதலிற் கித்துல்கலையிலும், பின்னர் கிளென்கோசிலும் ஹங்வெல்லையிலும், கடைசியாகவே நாகலகம் வீதியிலும் உயர்கின்றது. ஆற்றின் மட்டம் உயர்ந்ததும், நகரத்துக் கால்வாய் ஆற்றைச் சேரும் இடத்துக் கதவுகளை மூட வேண்டும். மூடாவிடின் ஆறு நகருக்குள் வரும். மூடினால் நகரத்தின் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். பம்பி இறைத்தாலன்றி வடியாது. நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கே செல்லும் என்னும் முதற்பாடம், ஓர் ஒழுங்கையின் தலைவிதியாகிவிடுகின்றது. நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வகுத்திருப்பது இதன்பொருட்டே.

நாம் விடை கூறினோம், ஆயின் காட்டவில்லை. காட்டுவதற்கு அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் 1995ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிவரும் ஹெக்-ராஸ் என்னும் ஆற்று மென்பொருளை எடுத்தோம். அது உடனே எம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கிற்று. கால்வாயின் அகலம் என்ன? ஆழம் என்ன? சரிவு என்ன? அடி கரடா, மென்மையா? விடை எவரிடமும் இல்லை. நாள்தோறும் கடந்து வரும் கால்வாயை நாம் ஒருநாளேனும் அளந்து பார்த்தோமில்லை.

ஆகவே வெயிலடித்த ஒரு காலையிலே, கயிறும் அளவுகோலும் கொண்டு, கல்லூரிக்கு அண்மையிலுள்ள சிறு கால்வாயின் பாலத்தில் நின்று மாணவர் அளந்தனர். அகலம் 6 மீற்றர். ஆழம் ஏறத்தாழ ஒரு மீற்றர். தேங்காய்ச் சிரட்டையை மிதக்கவிட்டு, 20 மீற்றர் செல்ல எடுத்த நேரத்தைக் குறித்தனர்: 50 செக்கன். மேற்பரப்பின் வேகத்தை 0.85ஆற் பெருக்கினால் முழு ஓட்டத்தின் சராசரி வேகம் கிடைக்கும் என்பது பொறியியலாளர் வழக்கு. கணக்கிட, செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 லீற்றர் நீர். அதே கால்வாயை, நூலிலே தூய மண் கால்வாய்க்குக் கொடுத்துள்ள கரட்டெண் 0.025ஐ இட்டு மென்பொருளிற் கணித்தபோது 4,000 லீற்றர் வந்தது.

பாதியைக் காணோம். எங்கே போயிற்று?

மாணவர் மறுபடியும் பாலத்துக்குச் சென்றனர். கரையெங்கும் நீர்த்தாவரம்; அடியிலே சேறு; மதகின் வாயிலே பிளாத்திக்குப் பைகளும் தேங்காய் மட்டையும் கிழிந்த மெத்தையொன்றும். கரட்டெண்ணை 0.05 ஆக்கியதும் கணக்கும் கால்வாயும் இணங்கின. கால்வாயைத் துப்புரவாக வைத்தால் இரு மடங்கு நீர் செல்லும் என்பதை அவர்கள் எவருடைய சொற்பொழிவாலும் அன்றித் தாமே கண்டறிந்தனர். அம்மெத்தையை எவரோ ஒருவர் கண்ணாற் கண்டு எண்ணாக எழுதினாலன்றி, உலகின் மிகச் சிறந்த மென்பொருளிலும் அது தோன்றாது. அம்மாணவி அன்று தனது புதிய பயிற்சிப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதியது ஒரே எண்: 0.05.

நம் நாட்டின் முன்னோர் கணினி இன்றியே இவ்வித நுட்பத்தைக் கண்டவர்கள். கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டு செல்லும் யோத எல என்னும் கால்வாய், முதல் 17 மைல் தூரத்துக்கு மைலுக்கு 6 அங்குலச் சரிவே உடையது. அளந்து, நீரை விட்டுப் பார்த்து, பிழை கண்டு, மீண்டும் அளந்த கைகளே அதனைச் செய்திருத்தல் வேண்டும்.

இன்று நமது வகுப்பிலே ஒரு முறையைப் பின்பற்றுகின்றோம். முதலில் மாணவர் ஊகிக்க வேண்டும். ஊகத்தை மையினால் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். இரண்டாவதாகத் திரையிற் பார்க்க வேண்டும். மூன்றாவதாக நீரிற் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாயின் மகிழலாம். வேறாயின் அதனினும் மகிழலாம், ஏனெனில் அங்கேதான் பாடம் தொடங்குகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் முன்னோர். திரைச் சுரைக்காய் சற்று மேலானது. அதனை எப்புறமும் திருப்பிப் பார்க்கலாம், வெட்டிப் பார்க்கலாம். ஆயினும் அடுப்பில் ஏற்றுவதற்குத் தோட்டத்துக்கே செல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதனைப் பறிப்பதற்கு முன் என்ன பார்க்கின்றான் என்று ஒருமுறை கேளுங்கள். தண்ணீர்த் தாரையைப் பார்க்கின்றேன் என்றாற் கோபியாது, ஒரு வெறும் போத்தலும் ஆணியும் எடுத்துக் கொடுங்கள். குளியலறை சிறிது நனையும், அதற்கும் ஆயத்தமாயிருங்கள். முதலிற் தரையில் வைத்தும், பின்னர் மேசைமேல் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் துளை வெல்லும் என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அதனை நமக்கே கூறிக்கொள்கின்றோம். கடைசி வாங்கிலிருந்து மெல்லிய குரலிலே ஒரு மாணவன் "அப்படியல்லவே, சேர்" என்றால், தொலைபேசியிற் கோளாறு என்று கூறுவதற்கு முன், வீட்டிலே வெறும் போத்தல் உண்டா என்று ஒருகணம் சிந்தித்தல் நலம். நமது போத்தல் இன்னும் மேசைமேலே இருக்கின்றது. மூன்று துளைகளும் அப்படியே உள்ளன. பழைய படத்தை வரைய நமது கை நீலக் கட்டியை எடுக்கும் போதெல்லாம், அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.